கிரேக்க நூல்களைக் காத்துக் கொடுத்ததோடு அரபு அறிஞர்களின் வேலை முடிந்ததா?

அகல்விளக்கு:

அறிவியல் வரலாறு என்று பேச்சு எடுத்தாலே ஒரு கதை தயாராக வந்து நிற்கிறது. கிரேக்கர்கள் கண்டுபிடித்தார்கள். அரபிகள் அதை மொழிபெயர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஐரோப்பியர்கள் வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். நடுவில் இருக்கும் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு ஒரு இரும்புப் பெட்டிக்குக் கிடைக்கும் மதிப்புதான். இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. பெயர்களை அடுக்காமல் ஒரே ஒருவரை வைத்துக் காரணம் சொல்கிறேன்: இப்னு அல்-ஹைதம்.

சுமார் 965இல் பஸ்ராவில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுக்குள் கொண்டுவர வழி இருக்கிறது என்று இவர் சொன்னதைக் கேள்விப்பட்டு, எகிப்தை ஆண்ட பாத்திமியக் கலீபா அல்-ஹாக்கிம் கூப்பிட்டு அனுப்பினார். நதியோரமாகத் தெற்கே போய்ப் பார்த்ததும் அது நடக்காத காரியம் என்று புரிந்துவிட்டது. கலீபாவின் கோபத்துக்குப் பயந்து பைத்தியம்போல நடித்தார், 1021இல் அந்தக் கலீபாவின் காலம் முடியும்வரை அடைபட்டுக் கிடந்தார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கதை எப்படியோ, அவர் எழுதிய 'கிதாப் அல்-மனாழிர்' இன்றும் கையில் இருக்கிறது. பார்வையையும் ஒளியையும் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட நூல்.

அப்போது பார்வை பற்றி இரண்டு கட்சி இருந்தது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்றது யூக்ளிட், தாலமி கட்சி. பொருளின் பக்கமிருந்துதான் கண்ணுக்கு ஏதோ வருகிறது என்றது அரிஸ்டாட்டில் கட்சி. முதல் கட்சியிடம் கச்சிதமான வடிவக்கணிதம் இருந்தது. இரண்டாம் கட்சியிடம் கணக்கே இல்லை. இப்னு அல்-ஹைதம் எங்கே தொடங்குகிறார் பாருங்கள். சூரியனை நேராகப் பார்த்தால் கண் வலிக்கிறது. பளிச்சென்ற ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு இருட்டைப் பார்த்தால் அதே வடிவம் கண்ணுக்குள் நிற்கிறது. ஆக, வெளியிலிருந்து வரும் ஒன்றுதான் கண்ணின்மேல் வேலை செய்கிறது. இதைச் சொல்லிவிட்டு, கதிரின் திசையை மட்டும் திருப்பி, யூக்ளிடின் கணக்கை அப்படியே எடுத்து அதன்மேல் பொருத்திவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய விளக்குச் சோதனை. ஒரு இருட்டறை, அதன் வாசலில் ஒரு சிறு துளை. வெளியே, துளைக்கு எதிரே, தள்ளித் தள்ளிப் பல விளக்குகள். உள்ளே சுவரில் எத்தனை விளக்கோ அத்தனை வெளிச்சப் பொட்டுகள், ஒவ்வொன்றும் தன் விளக்குக்கு நேர்கோட்டில். இப்போது ஒரு விளக்கை மட்டும் மறைக்க வேண்டும். அதற்கு எதிரான பொட்டு மட்டும் அணைகிறது, மற்றவை அசைவதே இல்லை. மறைப்பை எடுத்தால் அது திரும்ப வருகிறது. எல்லா வெளிச்சமும் அந்த ஒரே துளைக்குள் ஒன்றையொன்று கடந்துதான் உள்ளே போகின்றன, ஆனாலும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. விருப்பப்பட்ட எவரும் செய்து பார்க்கலாம் என்பதுபோல ஒவ்வொரு படியையும் எழுதி வைத்திருக்கிறார்.

தாலமி மேல் அவருக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் 'தாலமி மீதான ஐயங்கள்' என்றே ஒரு நூல் எழுதினார். முன்னோர் எழுதியதைப் படித்து நம்புகிறவன் உண்மையைத் தேடுகிறவன் ஆகமாட்டான், அவர்கள் சொன்னதைச் சந்தேகித்து வாதத்துக்கும் ஆதாரத்துக்கும் மட்டும் கட்டுப்படுகிறவனே தேடுகிறவன் என்பது அதன் முன்னுரையின் சாரம். பத்திரப்படுத்தி வைக்கும் வேலைக்கு வந்தவர் இப்படி எழுதுவாரா?

செங்குன்றம்:

நல்ல பதிவு. ஆனால் எனக்குச் சில மறுப்புகள் உண்டு. கண்ணுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது என்று அரிஸ்டாட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே? கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி பெயரைப் பெரிதாகச் சொல்கிறார்கள், அவர் எழுதிய எண்முறை இந்தியாவிலிருந்து போனது. இருபடிச் சமன்பாட்டைப் பாபிலோனியர்களே தீர்த்திருக்கிறார்கள். பிரம்மகுப்தர் 628இலேயே எதிரெண்ணையும் சேர்த்து விதி கொடுத்துவிட்டார். அப்புறம் இவர்களில் பாதிப் பேர் அரபிகளே கிடையாது. இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சம் என்ன என்பதுதான் என் கேள்வி. வம்புக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கணக்கன்:

கணிதப் பங்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

செங்குன்றம் ஐயா சொல்கிற தகவல்கள் சரிதான். எண்முறை இந்தியாவினுடையது, அல்-குவாரிஸ்மியே அதை இந்தியக் கணக்கு என்றுதான் சொல்கிறார். எதிரெண்களை அவர் தொடவே இல்லை, அந்த இடத்தில் பிரம்மகுப்தர் முன்னே நிற்கிறார். ஆனால் பாக்தாதில் கலீபா அல்-மாமூன் காலத்தில் அவர் எழுதிய 'அல்-ஜப்ர்' நூலின் கணக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் மிச்சம் என்னவென்று தெரியும்.

கேள்வி இது: ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணைப் போல் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. எண் எது?

நாம் பள்ளியில் குறியீடு போட்டுத் தீர்ப்போம். அவரிடம் குறியீடே கிடையாது, முழுக்க வாக்கியங்கள்தான். விடையைச் சொன்ன பிறகு, அது ஏன் சரி என்று படம் போட்டுக் காட்டுகிறார். தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம். பத்தை நான்காகப் பிரித்தால் இரண்டரை. அந்த இரண்டரை அகலத்தில் சதுரத்தின் நான்கு பக்கமும் நான்கு பட்டைகள் ஒட்டுகிறார். இப்போது மொத்தப் பரப்பு 39. படத்தைப் பார்த்தால் நான்கு மூலைகள் மட்டும் காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு மூலையும் இரண்டரைக்கு இரண்டரை, ஆறேகால். நான்கும் சேர்ந்து 25. அதைப் போட்டு நிரப்பினால் 64 பரப்புள்ள பெரிய சதுரம். அதன் பக்கம் 8. இரண்டு புறமும் ஒட்டிய பட்டைகள் சேர்ந்து 5. கழித்தால் 3.

பாபிலோனியக் களிமண் பலகைகளில் படிகள் இருக்கின்றன: இதைப் பாதியாக்கு, வர்க்கமாக்கு, கூட்டு என்று போகும். ஏன் என்ற கேள்விக்கு அங்கே பதில் எழுதப்படவில்லை. அல்-குவாரிஸ்மி செய்தது வேறு வேலை. ஒருபடி, இருபடிச் சமன்பாடுகள் எல்லாவற்றையும் ஆறு வகையாக அடக்கி, எந்தக் கணக்கு வந்தாலும் இந்த ஆறில் ஒன்றாக மாற்றலாம் என்று காட்டினார். மாற்றும் வழியைச் சொன்னார், இருபடி வகைகளின் விதிகளுக்கு இப்படிப் படத்தோடு நிரூபணமும் கொடுத்தார். சொத்துப் பிரிவினை, வியாபாரம், நிலஅளவை ஆகியவற்றுக்கு உதவட்டும் என்றுதான் நூலையே எழுதினார். பின்பகுதி நிறைய வாரிசுரிமைக் கணக்குதான். இறந்தவரின் மனைவிக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு, கடன் போக மீதி இவ்வளவு என்று போகும். இயற்கணிதம் தனித் துறையாக எழுந்து நின்றது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

அகல்விளக்கு:

கணக்கன் சொன்ன அதே விஷயம்தான் ஒளியியலிலும். அரிஸ்டாட்டில் சொன்னது ஒரு கருத்து. அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைக்கும் ஒளி போகிறது என்றால், கண்ணின் ஒவ்வொரு இடத்திலும் எல்லாப் புள்ளியின் ஒளியும் வந்து விழும். அப்படியானால் எல்லாம் குழம்பித்தானே தெரிய வேண்டும், எப்படித் தெளிவாகப் பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை முழுக் கூர்மையோடு கேட்டவர் இப்னு அல்-ஹைதம். கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் மட்டும் வளையாமல் உள்ளே போகிறது, மற்றவை விலகிப் பலவீனமாகின்றன, ஆகவே ஒரு புள்ளிக்கு ஒரு கதிர்தான் கணக்கு என்றார்.

இந்தப் பதில் முழுச் சரி கிடையாது. பார்வை நடக்கும் இடம் கண் வில்லை என்று நினைத்தார். வில்லை ஒளியைக் குவித்து விழித்திரையில் தலைகீழ்ப் பிம்பம் விழச் செய்கிறது என்று கெப்ளர் 1604இல்தான் காட்டினார். ஆனால் கெப்ளர் கையில் எடுத்த கேள்வி இப்னு அல்-ஹைதம் கேட்டது. அவருடைய நூல் 1200 வாக்கில் லத்தீனுக்குப் போனது. ஐரோப்பிய அறிஞர்களில் ரோஜர் பேகன் படித்தார், விட்டெலோ அதை வைத்தே ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த விட்டெலோவின் நூலுக்குப் பிற்சேர்க்கை என்ற தலைப்பில்தான் கெப்ளர் தன் நூலையே வெளியிட்டார்.

'அரபிகளே கிடையாது' என்பதும் உண்மை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அல்-குவாரிஸ்மி, அல்-பிரூனி, இப்னு சீனா மூவரும் மத்திய ஆசியாக்காரர்கள். பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். தாபித் இப்னு குர்ரா, நட்சத்திர வழிபாட்டு மரபுகொண்ட ஹர்ரான் ஊர்க்காரர். இவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது அரபு மொழி.

இந்த ஹுனைனைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக் கூடாது. கேலன் எழுதிய 'நிரூபணம்' என்ற நூலைத் தேடி மெசொப்பொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை போனதாக அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் தமஸ்கஸில் ஏறக்குறைய பாதி நூல் மட்டும் கிடைத்தது, அதுவும் ஒழுங்கு குலைந்து. ஒரு நூலுக்குக் கிடைத்த சுவடிகளை எல்லாம் ஒப்பிட்டுப் பிழை திருத்திச் சரியான மூலத்தை முதலில் உண்டாக்கிக்கொண்டு அப்புறம்தான் மொழிபெயர்ப்பார். ஏட்டுச்சுவடிகளோடு மல்லுக்கட்டிய நம் பதிப்பாசிரியர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த உழைப்பின் அருமை உடனே புரியும்.

பிறைமதி:

இந்த இழையைப் படிக்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாமே. ரத்த ஓட்டத்தை ஆங்கில மருத்துவர் ஹார்விக்கு முன்பே மருத்துவர் இப்னு அந்-நஃபீஸ் கண்டுபிடித்தார். அல்-பிரூனி பூமியின் ஆரத்தை 99 சதவீதம் துல்லியமாக அளந்தார். கோப்பர்நிகஸ் தன் கோட்பாட்டை அப்படியே முஸ்லிம் வானியலாளர்களிடமிருந்து எடுத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட வருவதில்லையே என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

தொலைநோக்கி:

பிறைமதி அக்கா, உங்கள் வருத்தம் நியாயமானது. அதனாலேயே இந்த மூன்றையும் அளவோடு சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மிகைப்படுத்திச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் அந்த மிகையை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார்.

இப்னு அந்-நஃபீஸ் 1242இல், இப்னு சீனாவின் 'கானூன்' என்ற மருத்துவ நூலில் உடற்கூறு பற்றிய பகுதிக்கு உரை எழுதினார். இதயத்தின் வலது கீழறையிலிருந்து இடது கீழறைக்கு நடுச்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே ரத்தம் கசிகிறது என்பது கேலனின் கூற்று. அந்தச் சுவர் கெட்டியானது, துளையே இல்லை, ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று இவர் மறுத்தார். இது நுரையீரல் வழிச் சுற்று. உடல் முழுக்கச் சுற்றும் ஓட்டத்தைக் காட்டியது ஹார்வி, 1628இல். இரண்டும் வேறு வேறு சாதனைகள். இப்னு அந்-நஃபீஸின் இந்தப் பகுதி நெடுங்காலம் கண்ணில் படாமலே கிடந்தது. 1924இல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மருத்துவர் ஒருவர்தான் பெர்லின் நூலகச் சுவடியில் இதைக் கண்டெடுத்தார்.

அல்-பிரூனி விஷயம் இன்னும் சுவையானது. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் நந்தனா என்ற கோட்டை. அங்கே ஒரு மலை, எதிரே பரந்த சமவெளி. அல்-மாமூன் காலத்து அளவையாளர்கள் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை பாலைவனத்தில் நேர்கோட்டில் நடந்து பூமியை அளந்தார்கள். நடக்கவே வேண்டாம் என்றார் பிரூனி. மலையின் உயரத்தைக் கீழிருந்தே இரண்டு கோணங்கள் எடுத்துக் கணக்கிட்டார், சுமார் 652 முழம் வந்தது. மலை மேல் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்த்தார். 34 கலை, அரைப் பாகைக்குச் சற்று மேல். இந்த இரண்டையும் வைத்துப் பூமியின் ஆரம் ஒரு கோடியே 28 லட்சம் முழம் என்று வந்தது.

இங்கேதான் 99 சதவீதம் என்ற பேச்சு இடிக்கிறது. அவருடைய முழம் இன்றைய கணக்கில் எத்தனை சென்டிமீட்டர் என்று நாம் வைக்கிறோமோ அதைப் பொறுத்து விடை மாறும். அந்தக் கோணத்தில் ஒரே ஒரு கலை தவறினால் ஆரம் 6 சதவீதம் நகர்ந்துவிடும். காற்றில் ஒளி வளைவதால் தொடுவானமே சற்று மேலேறித் தெரியும். எண்ணின் துல்லியத்தை விட்டுவிட்டு முறையைப் பாருங்கள். ஒரு மலையும் ஒரு கோணமும் கொண்டு உலகத்தை அளந்த அந்த யோசனை போதும், அவரை வியப்பதற்கு.

அதே பிரூனி, கஜினி மஹ்மூதின் படையெடுப்புக் காலத்தில் இங்கே வந்து, சமஸ்கிருதம் கற்று, ஆரியபட்டர், பிரம்மகுப்தர், வராகமிகிரர் சொன்னவற்றை அலசி 1030 வாக்கில் இந்தியா பற்றிய நூலை முடித்தார். பூமி சுழல்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வானியல் கணக்குகள் கெட்டுப்போகாது என்று அதில் எழுதுகிறார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்த நாட்டின் வளத்தை அழித்தன என்பதையும் அதே நூலில் பதிவு செய்தார், அந்த அரசவையைச் சேர்ந்தவராக இருந்துகொண்டே.

கோப்பர்நிகஸ்: தமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பவராக இருந்த இப்னு அஷ்-ஷாத்திர் (1375இல் இறந்தார்) அமைத்த சந்திர மாதிரியும் கோப்பர்நிகஸின் சந்திர மாதிரியும் கணித அளவில் ஒன்றுதான். பாரசீக வானியலாளர் நசீருத்தீன் தூசியின் இரட்டை வட்ட உத்தியும் (வட்ட அசைவுகளைச் சேர்த்து நேர்கோட்டு அசைவு பெறுவது) கோப்பர்நிகஸில் இருக்கிறது. இது 1950களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் சூரியனை நடுவில் வைத்தது கோப்பர்நிகஸ். ஷாத்திரின் பூமி நடுவிலேயேதான் இருந்தது. ஆக, கருவிகள் பல அங்கிருந்து வந்தவை, துணிந்து இடம் மாற்றியது இவர்.

செங்குன்றம்:

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, மிச்சம் நிறையவே இருக்கிறது. இன்னும் ஒன்று. இவ்வளவும் ஏன் நின்றுபோனது? இஸ்லாமிய இறையியலாளர் கஸ்ஸாலி தத்துவத்தை எதிர்த்து எழுதியதோடு எல்லாம் முடிந்தது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன்.

அகல்விளக்கு:

இந்தக் கஸ்ஸாலிக் கதைக்கு ஆண்டுகளே பதில் சொல்லும், ஐயா. கஸ்ஸாலி இறந்தது 1111. இப்னு அந்-நஃபீஸின் உரை 1242. பாரசீகத்தின் மராகாவில் தூசியின் வானாய்வுக்கூடம் 1259. ஷாத்திர் 14ஆம் நூற்றாண்டு. சமர்கந்தில் மன்னர் உலூக் பேக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்குப் புதிதாக அட்டவணை போட்டது 1437. அங்கே இருந்த அல்-காஷி 1424இல் பை மதிப்பை 16 தசம இடங்கள் வரை சரியாகக் கணக்கிட்டார். முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வளவு நடந்திருக்கிறது.

கஸ்ஸாலியும் கணிதத்தையோ வானியலையோ எதிர்க்கவில்லை. கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று வானியலாளர்கள் கணக்கோடு சொல்வதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே கேடு செய்கிறான் என்று, தத்துவவாதிகளை எதிர்த்து எழுதிய அதே நூலின் முன்பகுதியில் எச்சரிக்கிறார்.

மங்கோலியர்களும் ஒற்றைக் காரணமாகப் பொருந்தமாட்டார்கள். 1258இல் பாக்தாதை அழித்த ஹுலாகுதான் மறு ஆண்டே மராகாவுக்குப் பணம் கொடுத்தவர். என் கணிப்பில் பெரிய பலவீனம் வேறு: பெரிய வானாய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றும் ஒரு மன்னரின் ஆதரவில் தொங்கிக்கொண்டிருந்தன. உலூக் பேக்கை அவர் மகனே 1449இல் கொல்ல வைத்தார், கூடமும் சிதைந்தது. அதன் தடம் 1908இல் தோண்டித்தான் கிடைத்தது. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் 1577இல் கட்டிய கூடம் 1580இல் சுல்தான் உத்தரவிலேயே இடிக்கப்பட்டது. பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பதவி இப்படி ஒரு ஆளின் மனநிலையை நம்பி இருக்கவில்லை, ஷாத்திர் போன்றவர்கள் அங்கே நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது.

மழைத்துளி:

நான் பதினோராம் வகுப்பு. இயற்பியல் புத்தகத்தில் வானவில் பாடம் வருகிறது. அதையும் இப்னு அல்-ஹைதம்தான் விளக்கினாரா அண்ணா? சில நாள் இரண்டு வானவில் தெரிகிறதே, மேலே இருப்பதில் நிறம் ஏன் தலைகீழாக இருக்கிறது?

அகல்விளக்கு:

நல்ல கேள்வி, தம்பி. வானவில்லில் இப்னு அல்-ஹைதம் கோட்டை விட்டார். மேகம் ஒரு குழியாடிபோலச் சூரிய ஒளியைத் திருப்புகிறது என்று நினைத்தார். சரியான வழியைக் கண்டவர் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிசி, சுமார் 1300இல். ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸி சொல்லித்தான் 'மனாழிர்' நூலையே தேடிப் படித்தார். அதற்கு விரிவான உரை எழுதியவர், வானவில் பகுதி வந்ததும் மூல ஆசிரியரை விட்டு விலகிவிட்டார்.

மழைத்துளியைக் கையில் பிடித்து ஆராய முடியாது. அதனால் பெரிய கண்ணாடி உருண்டையில் தண்ணீர் நிரப்பி, அதையே ஒரு துளியாக வைத்துக்கொண்டார். இருட்டறைக்குள் சிறு திறப்பு வழியாக வெளிச்சத்தை விட்டு, உருண்டையின் எந்தப் பகுதியில் நுழைந்த கதிர் எந்தப் பகுதியில் வெளியேறுகிறது என்று, ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பார்த்தார். நுழையும்போது ஒருமுறை விலகி, பின்சுவரில் ஒருமுறை எதிரொளித்து, வெளியேறும்போது மறுபடி விலகினால் அது முதல் வில். உள்ளே இரண்டு முறை எதிரொளித்தால் இரண்டாவது வில். அதே காலத்தில் ஜெர்மனியில் தியோடரிக் என்ற துறவியும் இதே முடிவுக்கு வந்தார். இருவருக்கும் தொடர்பே கிடையாது, இருவர் படித்ததும் இப்னு அல்-ஹைதமைத்தான்.

இனி உன் கேள்வி. முதல் வில்லுக்கான ஒளி துளியின் மேற்பாதியில் நுழைந்து கீழ்ப்பாதி வழியாக நம்மிடம் வருகிறது. இரண்டாவது வில்லுக்கான ஒளி கீழ்ப்பாதியில் நுழைந்து, உள்ளே இரண்டு முறை திரும்பி, மேற்பாதி வழியாக வருகிறது. சுற்றும் திசை மாறுவதால் நிற வரிசையும் மாறுகிறது: முதல் வில்லில் சிவப்பு வெளி விளிம்பில், இரண்டாவதில் உள் விளிம்பில். ஒவ்வொரு எதிரொளிப்பிலும் கொஞ்சம் ஒளி வெளியே தப்பிவிடும், மேலே இருப்பது மங்கலாகத் தெரிய அது ஒரு காரணம். முதல் வில் சுமார் 42 பாகையிலும் இரண்டாவது சுமார் 51 பாகையிலும் இருக்கும். 42 எப்படி வருகிறது என்று தெக்கார்த் 1637இல் கணக்குப் போட்டுக் காட்டினார். நிறங்கள் ஏன் பிரிகின்றன என்பதற்கு நியூட்டனின் முப்பட்டகம் வரவேண்டியிருந்தது.

பள்ளி ஆய்வகத்தில் உருண்டை அடிக் குடுவை இருக்கும், ஆசிரியரிடம் கேட்டு வாங்கித் தண்ணீர் நிரப்பு. ஒரு வெள்ளை அட்டையின் நடுவில் குடுவையின் அகலத்துக்கு ஓட்டை போட்டு, வெயில் அந்த ஓட்டை வழியாக மட்டும் குடுவையில் விழும்படி வை. குடுவைக்குப் பின்னால் தேடாதே, சூரியனையும் பார்க்காதே. அட்டையில் குடுவையை நோக்கிய பக்கத்தைப் பார், ஓட்டையைச் சுற்றி நிற வளையம் விழும். குடுவையை முன்னும் பின்னும் நகர்த்தினால் வளையம் சிறுத்தும் பெருத்தும் போகும். அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவு தெளிவாகத் தெரியும்.